பைக்கில் எந்த வேகத்தில் போவது? நிற்கும் தூரத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

புதிதாக ஓட்டுபவர்கள் முதலில் வேகமாகப் போகப் பழகுகிறார்கள், நிறுத்துவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் வண்டி, அடுத்து பிரேக், அதன் பிறகு உங்களுக்கும் உங்கள் வண்டிக்கும் உரிய நிற்கும் தூரம். அந்த எண் கையில் வந்த பிறகுதான் சாலை வேகம் பற்றிய பேச்சு. வேக வரம்புப் பலகை சொல்வது தாண்டக் கூடாத உச்சத்தை மட்டும். அந்த உச்சத்துக்குள் இன்று, இந்த இடத்தில் எவ்வளவு என்பதை ஓட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு வழிதான் கீழே உள்ள படிகள்.

பயிற்சிக்குத் தேவையானவை: டயர் காற்றழுத்த மானி, 20 மீட்டராவது நீளும் அளவு நாடா, தரையில் குறி வைக்க ஆறேழு பிளாஸ்டிக் கோப்பைகள், ஜிபிஎஸ் உள்ள கைபேசி, உதவிக்கு ஒருவர். வண்டிகள் வராத, தார் அல்லது கான்கிரீட் போட்ட 150 மீட்டர் நேரான இடம் ஒன்றும் வேண்டும். மண் தரை உதவாது. அங்கே கிடைக்கும் அளவு சாலைக்குப் பொருந்தாது.

1. டயரும் பிரேக்கும்

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டி நிறுத்தியவுடன் பார்த்தால் சூட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். செயின் கவர் அல்லது பின் சக்கரத் தாங்கியில் ஒட்டிய வில்லையிலும் பல வண்டிகளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதுவரை காற்று அடிப்பது பரவலான தவறு. டயர் விறைத்துப்போய்த் தரையோடு ஒட்டும் பரப்பு குறைகிறது, பிரேக் பிடித்தால் எளிதில் வழுக்குகிறது.

டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் தெரியும். அவை தேய்மானக் குறிகள். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். புது டயர் போட்டவுடன் முதல் 100, 150 கிலோமீட்டர் வரை வண்டியை அதிகம் சாய்க்காமலும் பிரேக்கை அடித்துப் பிடிக்காமலும் ஓட்டுங்கள். புது ரப்பரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும்.

முன் பிரேக் லீவரை அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அந்த நிலையில் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். டிரம் பிரேக்காக இருந்தால் லீவரின் வெற்று அசைவு கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா பாருங்கள். பிரேக் பேடின் தடிமன், டிஸ்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு, பின்னால் பிரேக் விளக்கு எரிவது ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். முன் லீவரை அழுத்தினாலும் கால் பெடலை மிதித்தாலும் விளக்கு எரிய வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எரியும் வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

லீவரின் கோணம் யாரும் கவனிக்காத விஷயம். இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் லீவர் மேல் படிய வேண்டும். லீவர் மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு மடங்கும். அவசரத்தில் விரல் லீவரைத் தேடும் அந்த அரை நொடியில், 60 கிமீ வேகத்தில், வண்டி 8 மீட்டர் போய்விடுகிறது.

2. ஹெல்மெட்டும் உடுப்பும்

ஹெல்மெட்டில் உங்கள் நாட்டில் ஏற்கப்பட்ட தரமுத்திரை இருக்க வேண்டும். அளவு பார்ப்பது எளிது: வார் மாட்டிய பிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டித் தள்ளினால் தலையை விட்டுக் கழலக் கூடாது. கழன்றால் அது விழும்போதும் கழலும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறலே இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்பி எழாது.

கையுறை, கணுக்காலை மூடும் காலணி, தடித்த கால்சட்டை, முழுக்கைச் சட்டை ஆகியவை பயிற்சி மைதானத்திலும் வேண்டும். மெதுவாகத்தானே பழகுகிறோம் என்று செருப்போடு வருபவர்களுக்குத்தான் கால் பெடலிலிருந்து நழுவுகிறது.

3. ஸ்பீடோமீட்டர் சொல்வது உண்மையா?

பெரும்பாலான வண்டிகளில் முள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் அப்படி அமைக்கிறார்கள். எவ்வளவு கூட்டி என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

நேரான, சமதளமான, நெரிசல் இல்லாத சாலையில் முள்ளை 40-ல் சில நொடிகள் அசையாமல் பிடியுங்கள். பின்னால் உட்கார்ந்தவர் ஜிபிஎஸ் வேகத்தைப் படித்து நினைவில் வைக்கட்டும், ஓட்டுபவர் கைபேசியைப் பார்க்கக் கூடாது. 50-லும் 60-லும் இதையே செய்யுங்கள். ஜிபிஎஸ் சற்றுத் தாமதித்துக் காட்டும் என்பதால் வேகம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது எடுத்த அளவு செல்லாது.

வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின் உபயோகம் அடுத்த படிகளில் சரியான வேகத்தில் அளப்பதற்கு. முள் 4 கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்ததும் பலகை வேகத்தில் 4 சேர்த்து ஓட்டலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிழைக்கு இடம் கொடுக்கும் ஒரே மெத்தையையும் நீங்களே உருவி எடுக்கிறீர்கள். முன்பிருந்ததைவிடப் பெரிய சுற்றளவுள்ள டயர் மாட்டியிருந்தால் சோதனை கட்டாயம். அப்போது முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும்.

4. பிரேக் பழகுதல்

மொத்தத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்ந்து முன் டயரைத் தரையோடு அழுத்துகிறது, பின் டயர் லேசாகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் நம்புபவர் நிற்க எடுக்கும் தூரம் இரண்டையும் பிடிப்பவரின் தூரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரை போகும். "முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வண்டியைக் கவிழ்ப்பது முன் பிரேக் அல்ல. எடை முன்னால் வந்து சேர்வதற்கு முன்பே அதை அடித்துப் பிடிப்பதும், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது பிடிப்பதும்தான் கவிழ்க்கின்றன.

முதல் சுற்று, 20 கிமீ வேகம். முன் பிரேக் மட்டும். லீவரைத் தொட்டதும் ஒரு கணம் லேசான அழுத்தம். முன் ஃபோர்க் இறங்குவது கையில் தெரியும். இறங்கியவுடன் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், ஈரத்துணியைப் பிழிவது போல. முழுவதும் நிற்பதற்குச் சற்று முன் கொஞ்சம் தளர்த்தினால் கடைசிக் குலுக்கல் இருக்காது. பத்துமுறையாவது செய்யுங்கள். கை பழகாமல் அடுத்த வேகத்துக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் சுற்று, 30 கிமீ. இரண்டு பிரேக்கும் ஒன்றாக. ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, முன் லீவர், பின் பெடல், கிளட்ச் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். நிற்பதற்குள் கியரை முதலாவதுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னால் வருபவர் நிற்கவில்லை என்றால் உடனே ஒதுங்கிப் போக அந்த முதல் கியர் வேண்டும்.

மூன்றாம் சுற்று, 40 கிமீ. செய்முறை அதேதான். இந்த வேகத்தில் மூன்று விஷயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். பார்வை தொலைவில் நேராக இருக்க வேண்டும், முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி தள்ளாடும். டேங்கை முழங்கால்களால் இறுக்கிப் பிடியுங்கள். இல்லையென்றால் உடல் எடை முழுக்கக் கைகளுக்கு வந்து ஹேண்டில்பார் ஆடும். முழங்கை சற்று மடங்கியே இருக்கட்டும்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் (சுழலாமல் நின்று சறுக்கினால்) என்ன செய்வது என்பதை முன்பே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் பூட்டினால் லீவரை உடனே விட்டு, உடனே மறுபடி மெதுவாகப் பிடியுங்கள். பின் சக்கரம் பூட்டி வண்டி நேராகவே போனால் பெடலைச் சற்றுத் தளர்த்துங்கள். பின் சக்கரம் பூட்டிப் பக்கவாட்டில் விலகிவிட்டால் மட்டும் பெடலைச் சட்டென விடாதீர்கள். வண்டி நிற்கும் வரை மிதித்தபடியே இருங்கள், பார்வையை நேரே வையுங்கள். விலகிய சக்கரத்துக்குப் பிடிமானம் திடீரென்று திரும்பினால் வண்டி நிமிர்ந்து உங்களைத் தூக்கி எறியும்.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் லீவர் விரலுக்குள் துடிக்கும். துடித்ததும் பயந்து விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கம். துடிப்பு என்றால் அது வேலை செய்கிறது என்று பொருள், அழுத்தத்தைத் தொடருங்கள். உங்கள் ஏபிஎஸ் இரு சக்கரத்துக்குமா, முன் சக்கரத்துக்கு மட்டுமா என்று கையேட்டில் பாருங்கள். முன் சக்கரத்துக்கு மட்டும் என்றால் பின் சக்கரம் பூட்டத்தான் செய்யும். சரளைக்கல்லில் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டவும் கூடும். சாதாரண ஏபிஎஸ், சாய்ந்திருக்கும் வண்டியைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை.

5. உங்கள் எண்ணை அளத்தல்

பயிற்சியிடத்தில் ஒரு கோப்பையை வைத்து அதைத் தொடக்கக் குறியாக்குங்கள். உண்மை வேகம் 40-ல் வந்து, முன் சக்கரம் குறியைத் தொடும் கணத்தில் பிரேக் பிடியுங்கள். வண்டி நின்றதும் குறியிலிருந்து முன் சக்கரம் வரை உதவியாளர் அளக்கட்டும். ஐந்து முறை அளந்து, இருப்பதில் நீளமான தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் அவசரம் வரும்போது உங்கள் மோசமான முயற்சிதான் வெளிவரும், சிறந்த முயற்சி அல்ல. அதனால் சராசரிகூட வேண்டாம்.

ஒருவருக்கு 12 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நல்ல உலர்ந்த தாரில் பழகிய கைக்குச் சுமார் 10 மீட்டர் வரும். 15-க்கு மேல் வந்தால் நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

இனி மற்ற வேகங்களுக்கு அளக்க வேண்டியதில்லை, கணக்கே போதும். பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 40-க்கான தூரத்தை 50-க்கு 1.56-ஆலும், 60-க்கு 2.25-ஆலும், 80-க்கு 4-ஆலும், 100-க்கு 6.25-ஆலும் பெருக்குங்கள். 12 மீட்டர்காரருக்கு 80-ல் 48 மீட்டர்.

இது முழுக் கணக்கு இல்லை. மைதானத்தில் எங்கே பிரேக் பிடிக்கப்போகிறோம் என்று முன்பே தெரியும், சாலையில் தெரியாது. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, புரிந்து, விரலை லீவருக்குக் கொண்டுபோக 1.5 நொடி என்று வையுங்கள். அந்த நேரத்தில் வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கிலோமீட்டர் வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அதை 1.5-ஆல் பெருக்கிச் சேர்த்தால் 12 மீட்டர்காரரின் மொத்தக் கணக்கு இப்படி இருக்கும்:

40 கிமீ: 17 + 12 = 29 மீட்டர்
50 கிமீ: 21 + 19 = 40 மீட்டர்
60 கிமீ: 25 + 27 = 52 மீட்டர்
80 கிமீ: 33 + 48 = 81 மீட்டர்
100 கிமீ: 42 + 75 = 117 மீட்டர்

இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 50-ல் வந்தவர் 40 மீட்டரில் ஒரு தடைக்கு முன் தொட்டும் தொடாமலும் நிற்கிறார். அதே இடத்தில், அதே திறமையோடு, 60-ல் வந்தவர் தடையை அடையும்போது இன்னும் ஏறக்குறைய 40 கிமீ வேகத்தில் இருப்பார். அவர் மெதுவாக முட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேகத்தின் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் கரைகிறது. அந்தச் சில மீட்டர் அவருக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மீட்டர் கணக்கு கண்ணுக்குப் பழக, நடந்து பாருங்கள்: 52 மீட்டரை ஒருமுறை காலால் அளந்து திரும்பிப் பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்பது மறக்காது.

6. பலகையைப் படித்தல்

சிவப்பு வளையத்துக்குள் எண் இருந்தால் அது பல நாடுகளில் கட்டாய வரம்பு. வளைவுக்கு முன்னால் வேறு வடிவப் பலகையில் வரும் எண் பெரும்பாலும் பரிந்துரை வேகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பலகையே இல்லாத இடத்தில் வரம்பும் இல்லை என்று பொருள் ஆகாது. ஊருக்குள், ஊருக்கு வெளியே, அதிவேகச் சாலை என ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பொது வரம்பு இருக்கும். சில நாடுகளில் இருசக்கர வண்டிகளுக்குக் காரைவிடக் குறைவான வரம்பு தனியாக உண்டு. ஓட்டும் நாட்டின் போக்குவரத்துத் துறை வெளியிட்ட பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

குறைந்த வரம்பு தொடங்கும் பலகையைக் கடக்கும்போதே அந்த வேகத்தில் இருக்க வேண்டும். பலகையைக் கண்டதும் ஆக்சிலேட்டரை மூடினால் பெரும்பாலும் அதுவே போதும். கூடுதல் வரம்பு தொடங்கும் இடத்தில், பலகையைக் கடந்த பிறகே முறுக்க வேண்டும். சாலைப்பணி நடக்கும் இடங்களின் தற்காலிகப் பலகைகள் நிரந்தரப் பலகைகளுக்கு மேலானவை. ஆட்கள் வேலை செய்யாத நேரத்திலும் தோண்டிய பள்ளம் அங்கேதான் இருக்கும்.

வரம்பை மீறிச் சம்பாதிக்கும் நேரத்தையும் கணக்கிட்டுவிடலாம். 10 கிலோமீட்டர் தூரத்தை 60-ல் போனால் 10 நிமிடம், 70-ல் போனால் 8 நிமிடம் 34 நொடி. ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தால் அந்த மிச்சம் போய்விடும்.

7. தெரியும் தூரத்துக்குள் நில்

சாலையில் வேகத்தை முடிவு செய்யும் விதி ஒன்றே: தடையில்லை என்று கண்ணால் உறுதியாகத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிய வேண்டும். ஐந்தாவது படியில் எழுதிய காகிதம் இங்கேதான் வேலைக்கு வருகிறது. முன்னால் 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 12 மீட்டர்காரருக்கு 60 அதிகம், 50 சரி. பலகையில் 80 என்று எழுதியிருந்தாலும் கணக்கு மாறாது.

எதிரெதிர் வண்டிகள் ஒரே தடத்தில் வரும் குறுகிய சாலையில் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க வேண்டும். மறுபாதி எதிரில் வருபவர் நிற்பதற்கு.

இரவில் பலர் இந்த விதியை மீறுகிறார்கள், மீறுவது அவர்களுக்கே தெரிவதில்லை. பல பைக்குகளின் தாழ்ந்த ஒளி (லோ பீம்) 40, 50 மீட்டருக்கு மேல் பயன் தருவதில்லை. அதாவது தாழ்ந்த ஒளியில் 80-ல் போகிறவர், விளக்கு காட்டுவதற்குள் நிற்க முடியாத வேகத்தில் போகிறார். உங்கள் விளக்கை அளந்து பாருங்கள்: இருட்டான இடத்தில் வண்டியை நிறுத்தி, கருப்புப் பை ஒன்றை உதவியாளர் எடுத்துக்கொண்டு நடக்கட்டும். பை கண்ணுக்கு மறையும் இடம்தான் உங்கள் இரவுத் தூரம். வெள்ளைச் சட்டை போட்டவரை வைத்து அளந்தால் ஏமாறுவீர்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி எதிர்வரும் ஒளியைச் சிதறடித்து இந்தத் தூரத்தை இன்னும் குறைக்கும்.

8. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே

முன்வண்டி ஒரு கம்பத்தையோ நிழலையோ கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். உலர்ந்த சாலைக்கு இரண்டு நொடி குறைந்தபட்சம், மழையில் நான்கு. நொடியில் எண்ணுவதால் வேகம் கூடும்போது இடைவெளி தானாகவே கூடுகிறது. 60-ல் இரண்டு நொடி 33 மீட்டர்.

லாரிக்குப் பின்னால் இந்த இடைவெளி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். அதன் சக்கரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் கடந்து வந்தால் உங்களுக்குக் கடைசிக் கணத்தில்தான் தெரியும். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். முன்னால் இடைவெளியைப் பெரிதாக்குங்கள். நீங்கள் மெதுவாகப் பிரேக் பிடிக்க இடம் இருந்தால் அவருக்கும் நேரம் கிடைக்கும்.

9. வளைவு

வேகக் குறைப்பு, கியர் மாற்றம் இரண்டும் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடிய வேண்டும். டயருக்கு உள்ள பிடிமானம் ஒரே அளவுதான். திரும்புவதற்கு எடுத்தது போக மிச்சம்தான் பிரேக்குக்கு. சாய்ந்த நிலையில் பிரேக்கை இழுத்துப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டிவிடும். ஒரே வளைவை 40-க்குப் பதில் 60-ல் எடுக்க 2.25 மடங்கு பிடிமானம் தேவை.

வளைவில் சாலையின் இரு ஓரங்களும் ஒன்று சேர்வது போலத் தெரியும் புள்ளியைக் கவனியுங்கள். அது உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம். அது விலகி ஓடினால் வளைவு திறக்கிறது, மெல்ல முறுக்கலாம்.

20 கிமீ-க்கு மேல் வண்டி திரும்புவது ஹேண்டில்பாரைத் தள்ளுவதால். இடது பக்கம் போக இடது பிடியை முன்னால் தள்ளுங்கள், வண்டி இடது பக்கம் சாயும். நேரான சாலையில் மெல்லத் தள்ளிப் பார்த்து இதைப் பழகிக்கொள்ளுங்கள். காரணம், வேகமாக நுழைந்துவிட்டோம் என்று உணரும் கணத்தில் புதியவர் செய்வது மூன்று: ஓரத்துச் சுவரைப் பார்ப்பார், உடலை விறைப்பார், பிரேக்கைக் கவ்விப் பிடிப்பார். செய்ய வேண்டியது, வெளியேறும் திசையைப் பார்த்து உட்பக்கப் பிடியை இன்னும் தள்ளுவது. வண்டி இன்னும் சாயக்கூடியதாகவே பெரும்பாலும் இருக்கும். முன்னால் நேராக இடம் இருந்தால் மட்டும் வண்டியை நிமிர்த்தி, பிரேக் பிடித்து, பிறகு திருப்பலாம்.

10. சந்திப்புகள்

எதிரே வரும் கார் உங்கள் பாதையின் குறுக்கே திரும்புவது பைக் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் வகை. ஓட்டுநர் பார்த்திருப்பார், ஆனால் பைக்கின் சின்ன உருவம் தொலைவில் மெதுவாக வருவது போலத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் வரம்பைத் தாண்டி வந்தால் அவருடைய கணிப்பு இன்னும் தவறும்.

சந்திப்புக்கு முன் ஆக்சிலேட்டரை மூடி, இரண்டு விரலை முன் லீவர் மேலும் காலைப் பின் பெடல் மேலும் வையுங்கள். அதுவே 1.5 நொடியில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும். காரின் ஓட்டுநர் உங்களைப் பார்த்தாரா என்று கண்ணைத் தேடுவதைவிட, முன் சக்கரத்தைக் கவனிப்பது நம்பகமானது. கார் நகரத் தொடங்கினால் முதலில் சக்கரம் சுழலும். பெரிய வண்டியின் மறைவில் ஒட்டிக்கொண்டு சந்திப்பைக் கடக்காதீர்கள், குறுக்கே திரும்பக் காத்திருப்பவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

11. முந்துவதற்கான கணக்கு

60-ல் போகும் லாரியை 80-ல் முந்த நினைக்கிறீர்கள், அந்தச் சாலையின் வரம்பும் 80 என்று கொள்வோம். பின் இடைவெளி, லாரியின் நீளம், முன்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து லாரியைவிட 50 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். வித்தியாசம் மணிக்கு 20 கிமீ, அதாவது நொடிக்கு 5.6 மீட்டர். ஆக 9 நொடி. அதற்குள் நீங்கள் 200 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே ஒருவர் 80-ல் வந்தால் அவரும் 200 மீட்டர் வந்திருப்பார். 400 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும் என்பது குறைந்தபட்சம்.

வரம்புக்குள் இந்தக் கணக்கு தேறவில்லை என்றால் முந்த வேண்டாம். பின்னால் சற்று விலகி நின்றால்தான் முன்சாலை தெரியும், வாலைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது. தொடங்குவதற்கு முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், கண்ணாடியில் தெரியாத இடம் எப்போதும் உண்டு. லாரியைத் தாண்டும் கணத்தில் பக்கக் காற்று தள்ளும், பிடியை இறுக்காமல் முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

12. ஈரம், மணல், பெயின்ட்

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு சேர்ந்து வழுக்கும். முடிந்தால் ஒதுங்கி நின்று, நல்ல மழை சாலையைக் கழுவிய பிறகு கிளம்புங்கள். ஈரத்தில் பிரேக் தூரத்தை ஒன்றரை மடங்காவது வைத்துக் கணக்கிடுங்கள். 12 மீட்டர் 18 ஆகும்.

சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம். அவற்றுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள். ரயில் தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்துக்கு முடிந்தவரை நெருக்கமாகக் கடங்கள். சாய்கோணத்தில் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் அதைப் பள்ளம் என்றே எண்ணுங்கள்.

13. பின்னால் ஒருவர் ஏறினால்

கையேட்டில் இருவருக்கான காற்றழுத்தம் தனியாக இருக்கும். அதன்படி பின் டயரைச் சரிசெய்து, பின் ஷாக்கைச் சற்று இறுக்குங்கள். இல்லாவிட்டால் வண்டியின் பின்பகுதி தணிந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், உங்கள் சாலையோ இருட்டாகும்.

பின்னால் இருப்பவருக்கு மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: இடுப்பைப் பிடித்துக்கொள்வது, வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய்வது, வண்டி நின்றாலும் கால் வைப்பிலிருந்து காலை எடுக்காதது. இதையும் மைதானத்தில் 30-ல் நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். அவர் உடல் உங்கள் முதுகில் வந்து மோதுவதால் கைகளுக்கு வரும் சுமை முதல் முறை திகைக்க வைக்கும். அந்தத் திகைப்பு சாலையில் நேரக் கூடாது.

14. நீண்ட ஓட்டமும் மறு அளவையும்

ஒரு மணி நேரம் 90-ல் ஓட்டிவிட்டு ஊருக்குள் நுழைந்தால் 60 என்பது 40 போலத் தோன்றும். கண்ணும் காதும் வேகத்துக்குப் பழகிவிடுகின்றன. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் முதல் பத்து நிமிடம் வேகத்தை உணர்வால் கணிக்காமல் முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, தண்ணீர் குடித்து, நடந்துவிட்டு ஏறுங்கள். கியர் மாற்ற மறப்பது, கடந்துவந்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவுக்கு வராதது, இண்டிகேட்டரை அணைக்காமல் ஓட்டுவது எல்லாம் களைப்பின் முதல் அறிகுறிகள். கண் சொருகுவது அதற்கும் பிந்தைய கட்டம். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

டயர் மாற்றினால், பிரேக் பேட் மாற்றினால், வேறு வண்டிக்கு மாறினால், ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் 40 கிமீ அளவைத் திரும்ப எடுங்கள். புது பேடுகள் டிஸ்க்கோடு படிய நேரமாகும் என்பதால் முதலில் மிதமாக இருபது முப்பது முறை பிடித்துவிட்டுப் பிறகு அளக்கவும். பழைய காகிதத்தில் இருந்ததைவிட இரண்டு மீட்டர் கூடி வந்தால் காரணத்தைத் தேடுங்கள்: காற்றழுத்தம், பேட், டயரின் தேய்மானம், கடைசியாகக் கை. கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை புது எண்ணை வைத்தே வேகத்தைக் கணக்கிடுங்கள்.